குச்சியோடு வந்த சேணக் காளான்: சமைப்பதா, பிரிப்பதா, கொட்டுவதா?

வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணியம்பாடி அருகே இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். விடுமுறையில் வருகிறவர்கள் காஷ்மீரிலிருந்து வால்நட், குங்குமப்பூ, உலர்ந்த பழம் என்று ஏதாவது கொண்டுவருவார்கள். எப்போதாவது இன்னொன்றும் வரும்: காய்ந்து, சுருங்கி, கறுத்துப்போன காட்டுக் காளான். வடக்கே அதைக் குச்சி என்கிறார்கள், ஆங்கிலத்தில் மோரல். பனி உருகும் மார்ச் முதல் மே வரை காஷ்மீர், ஹிமாச்சல், உத்தராகண்ட் மலைக்காடுகளில் தானாக முளைப்பது. காய்ந்தது கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும் என்பதால் வீட்டில் அதற்குத் தனி மரியாதை.

என் சித்தி மகன் இந்த முறை கொண்டுவந்தது, கடையில் நூலில் கோத்து விற்கும் மாலை இல்லை. முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் காட்டில் பொறுக்கிக் காயவைத்து, துணிப்பையில் உதிரியாகக் கொடுத்தது. தட்டில் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை தேனடை மாதிரி குழிகுழியாக இருந்தன. நடுநடுவே சில மட்டும் வேறு. குழியே இல்லை, தொப்பி இரண்டு பக்கமும் மடிந்து தொங்கியது. “ஒரே காட்டுல ஒரே ஆளு பொறுக்கினதுதானேண்ணா, எல்லாத்தையும் சேத்தே செஞ்சிடலாமா?” என்று கேட்டான். சித்திக்கும் அதே எண்ணம்தான். பிள்ளை அவ்வளவு தூரம் பத்திரமாகத் தூக்கி வந்ததைக் கொட்ட எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

ஆக, முன்னால் மூன்று வழிகள். எல்லாவற்றையும் சேர்த்துச் சமைப்பது. பிரித்து, குச்சியை மட்டும் சமைப்பது. மொத்தத்தையும் கொட்டிவிடுவது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வழிக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை. இரண்டாவது, ஒவ்வொரு காளானையும் ஊறவைத்து நீளவாக்கில் பிளந்து பார்க்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கு. அந்தப் பொறுமை இல்லையென்றாலோ, பிளந்து பார்த்தும் சந்தேகம் தீரவில்லையென்றாலோ மூன்றாவதுதான். ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்பது, அந்தப் பையில் என்னென்ன இருந்திருக்கக்கூடும் என்று பார்த்தால் புரியும்.

சேணத்தில் எத்தனை வகை

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு, தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் மேலே அமர்ந்திருக்கும் வீரர்களும் நினைவிருக்கும். அந்த வீரனை இறக்கிவிட்டு, குதிரை முதுகில் போடும் சேணத்தை மட்டும் எடுத்து ஒரு தண்டின்மேல் கவிழ்த்தால் ஹெல்வெல்லா என்கிற சேணக் காளானின் உருவம் வந்துவிடும். நடுவில் பள்ளம், முன்னும் பின்னும் மேடு, இரு பக்கமும் தொங்கும் மடல்.

நாம் பார்த்துப் பழகிய குடைக்காளானுக்கும் இதற்கும் உறவு ரொம்பத் தூரம். குடைக்காளானைக் கவிழ்த்தால் அடியில் மெல்லிய செவுள்கள் வரிசையாக இருக்கும்; ஸ்போர் என்கிற வித்துகள் அங்கேதான் உருவாகும். சேணக் காளானுக்குச் செவுளே கிடையாது. தொப்பியின் மேல்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத குழாய் போன்ற பைகளுக்குள், பைக்கு எட்டாக வித்துகள் உருவாகி, பக்குவமானதும் வெளியே பீய்ச்சப்படுகின்றன. நன்றாக முற்றிய, புதிதாகப் பறித்த ஒன்றின்மேல் மெல்ல ஊதினால் மெல்லிய புகை கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காய்ந்ததில் இந்த வேடிக்கை கிடைக்காது. ஆனால் செவுள் சோதனை காய்ந்ததிலும் நடக்கும். அடியில் செவுள் இருந்தால் அது சேணமும் இல்லை, குச்சியும் இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது.

ஹெல்வெல்லா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், அடிக்கடி பேசப்படுபவை மூன்று. ஹெல்வெல்லா கிரிஸ்பா வெள்ளையிலிருந்து பால்நிறம் வரை இருக்கும். தொப்பி ஒழுங்கான சேணமாக இருந்தாலும் இருக்கும், கசக்கிவிட்ட துணி மாதிரி தாறுமாறாக மடிந்தும் இருக்கும். அடையாளம் அதன் தண்டில்தான்: மேலிருந்து கீழ்வரை ஆழமான வரிகள், இடையிடையே பள்ளங்கள், வெட்டினால் உள்ளே அறை அறையாக இடைவெளி. ஹெல்வெல்லா லகுனோசாவுக்கும் அதே வரித் தண்டு, ஆனால் நிறம் சாம்பலில் தொடங்கிக் கறுப்பு வரை போகும். மூன்றாவதான ஹெல்வெல்லா எலாஸ்டிகாதான் ஆளைக் குழப்புகிறது. தொப்பி அழகான பழுப்புச் சேணம்; தண்டோ ஒல்லியாக, வரியே இல்லாமல் வழவழப்பாக இருக்கும். “தண்டில் வரி இருந்தால் ஹெல்வெல்லா” என்பது சரி. “வரி இல்லையென்றால் ஹெல்வெல்லா இல்லை” என்பது தவறு.

இந்தப் பெயர்களும் இறுதியானவை என்று நினைக்க வேண்டாம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காலங்காலமாக லகுனோசா என்று அழைக்கப்பட்டவற்றை மரபணுவை வைத்துப் பார்த்தபோது அவை வேறு இனங்கள் என்று தெரிந்தது. 2013ல் வெஸ்பெர்டினா, டிரையோஃபிலா என்று புதுப் பெயர்கள் வைத்தார்கள். வல்லுநர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ந்த துண்டை வைத்துக்கொண்டு நாம் இனப்பெயர் வரை போக ஆசைப்படக் கூடாது. பேரினம் வரை சரியாகச் சொல்ல முடிந்தாலே நம் முடிவுக்குப் போதும்.

போதும் என்றேன், அதற்கும் ஒரு தடை இருக்கிறது. அதன் பெயர் கைரோமிட்ரா இன்ஃபூலா. இதுவும் சேணம்தான், சில சமயம் ஹெல்வெல்லாவை விடத் திருத்தமான சேணம். இலவங்கப்பட்டை நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை போகும். தண்டு மழுங்கலாக, வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்து, ஆழ்ந்த வரிகள் இல்லாமல் இருக்கும். ஊசியிலைக் காடுகளில் மக்கிய கட்டையின் மேலோ அதை ஒட்டியோ முளைக்கும். இதில் நச்சு இருப்பதாகவே கருதி ஒதுக்க வேண்டும். இப்போது எலாஸ்டிகாவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் பழுப்பு, இரண்டும் சேணம், இரண்டுக்கும் வரியில்லாத தண்டு. எலாஸ்டிகாவின் தண்டு மெலிந்து நீண்டிருக்கும், இன்ஃபூலாவினுடையது தடித்திருக்கும் என்பது புதிதாகப் பறித்ததில் தெளிவாகத் தெரியும். காய்ந்து சுருங்கிய பிறகு தடித்த தண்டும் ஒல்லியாகிவிடுகிறது.

தொப்பியின் உருவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எல்லோர் கண்ணும் முதலில் போவது தொப்பிக்கு. அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

மூளை வடிவில் வருவது

இன்ஃபூலாவின் உறவுக்காரன் கைரோமிட்ரா எஸ்குலெண்டா. தொப்பி மூளையின் மடிப்புகளைப் போலச் சுருண்டு, செம்பழுப்பாக இருக்கும். வசந்தத்தில், பைன் மரங்களுக்கு அடியில், மணற்பாங்கான தரையில் முளைக்கும். பருவம் மோரலின் பருவமேதான், அதனால் கூடையில் கலந்துவிடுவது எளிது. காய்ந்தால் மடிப்பும் குழியும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும்.

இதன் நச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையல் பழக்கத்தோடு நேரடியாக மோதுகிற விஷம் இது. கைரோமிட்ரின் என்ற பொருள் உடலுக்குள் போனதும் உடைந்து மோனோமெத்தில் ஹைட்ரசினாக மாறுகிறது. ராக்கெட் எரிபொருளாகப் பயன்படுத்தும் அதே வேதிப்பொருள். சுமார் 87 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் கொதிக்கவைத்தால் நச்சு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆவி போகிற இடம் அடுப்படியில் நிற்கிறவரின் மூக்கு. மூடிய சமையலறையில் சமைத்தவருக்கே தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். வெயிலில் காயவைத்தாலும் நச்சு குறையும், முழுதாகப் போகாது. பின்லாந்தில் இதை விரும்பி உண்கிறார்கள், சந்தையில் விற்கவும் செய்கிறார்கள். ஆனால் எச்சரிக்கையும் சமைக்கும் முறையும் அச்சிட்ட குறிப்போடுதான் விற்க வேண்டும்: நிறையத் தண்ணீரில் இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். நாம் செய்வது என்ன? கொஞ்சம் தண்ணீர், மூடி போட்ட குக்கர், வெந்த தண்ணீரோடு குழம்பு. மூன்றுமே தலைகீழ்.

உடலுக்குள் இந்த நச்சு வைட்டமின் பி6 வேலை செய்வதைத் தடுக்கிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற பொருள் உருவாக அந்த வைட்டமின் தேவை. அது குறைந்தால் வலிப்பு வரும். கல்லீரலும் பாதிக்கப்படும். அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும். இரவு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் விடியற்காலையில்தான் வாந்தியோடு எழுந்திருப்பார். “சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல” என்பது எந்த உறுதியையும் தராது. அப்படி ஏதாவது நேர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, எங்கே போனாலும் மிச்சமிருக்கும் காளானையும் குழம்பையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் காளான் என்று தெரிந்தால் பி6 ஊசி தருவதா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு உதவும்.

இன்னொரு செய்தி. 1800ல் பெர்சூன் என்ற காளான் ஆய்வாளர் இந்தக் காளானுக்கு ஹெல்வெல்லா எஸ்குலெண்டா என்றுதான் பெயரிட்டார். 1849ல்தான் ஃபிரீஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் அதைக் கைரோமிட்ரா பேரினத்துக்கு மாற்றினார். 1885ல் இதன் நஞ்சு என்று தவறாக நினைத்த பொருளுக்கு ஹெல்வெல்லிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். உண்மையான கைரோமிட்ரின் பிடிபட்டது 1960களின் கடைசியில். பழைய நூல் எதிலாவது ‘ஹெல்வெல்லா நஞ்சு’ என்றோ, ‘ஹெல்வெல்லா உண்ணத் தகுந்தது’ என்றோ படித்தால், எந்தக் காளானைச் சொல்கிறார்கள் என்று உடனே நம்பிவிடக் கூடாது.

மோரலும் வெர்பாவும்

மோரலை உறுதிசெய்வது இவற்றிலேயே எளிது. மேலே மேடும் குழியுமான தேனடை. நீளவாக்கில் பிளந்தால் தொப்பியின் நுனியிலிருந்து தண்டின் அடிவரை ஒரே வெற்றிடம், நடுவில் தடுப்போ பஞ்சோ கிடையாது. தொப்பியின் கீழ்விளிம்பு தண்டோடு ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு மோரல் இனங்களில் தொப்பியின் பாதி மட்டும் ஒட்டியிருக்கும். அவற்றைச் சந்தேகப் பக்கத்தில் ஒதுக்கிவிடுவது நல்லது. மோரல் மாதிரியே தெரியும் வெர்பா பொஹெமிகா என்ற காளானுக்குத் தொப்பி உச்சியில் மட்டும் ஒட்டி, சுற்றிலும் விடுபட்டுத் தொங்கும். தண்டுக்குள் பஞ்சு போன்ற நிரப்பு இருக்கும். அது சிலருக்கு வயிற்றைக் கெடுக்கும் என்பதால் அதையும் ஒதுக்குகிறேன்.

மோரல் உறுதியான பிறகும் ஒரு நிபந்தனை உண்டு: பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கூடவே கூடாது. 2023ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில் சரியாக வேகாத மோரல் சாப்பிட்டு 51 பேருக்கு உடம்பு கெட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். காட்டில் யாரோ தவறாகப் பறித்ததால் வந்ததில்லை அது, அசல் மோரல்தான்.

எப்படிப் பிரிப்பது

எங்கள் பையை நாங்கள் பிரித்த முறை இது. முதலில் பொடிந்த துண்டு, தூள், நுனி உடைந்தது எல்லாவற்றையும் தனியே எடுத்துக் குப்பையில் போட்டோம். முழு உருவம் இல்லாததை அடையாளம் காண முடியாது, அதில் விவாதமே இல்லை. மீதியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தோம். ஊறியதும் காளான் மறுபடி விரிந்து தன் பழைய உருவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கலந்த பையில் எது எதன் சாறு என்று தெரியாது என்பதால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் கூரான கத்தியால் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து, இரண்டு பாதியையும் வெள்ளைத் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தோம். ஒரே வெற்றிடமும் ஒட்டிய விளிம்பும் உள்ளவை ஒரு பக்கம். மற்றவை எல்லாம் மறுபக்கம்.

நிறத்தை நம்பவில்லை. காய்ந்தால் வெள்ளைச் சேணமும் பழுப்பாகிவிடும். பருவத்தையும் நம்ப முடியாது. ஐரோப்பாவில் கிரிஸ்பா இலையுதிர் காலத்துக்காரன், மோரல் வசந்தத்துக்காரன். ஆனால் வருடம் முழுதும் காட்டுக்குப் போகிறவர் வீட்டில் ஒரே கூரையில் காய்ந்த இரண்டு பருவமும் ஒரே பைக்குள் வந்துவிடும்.

மூளை வடிவில் ஒன்றாவது இருந்திருந்தால் நான் மோரலையும் சேர்த்துக் கொட்டியிருப்பேன். உதிர்ந்த துகள் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பையில் இல்லை. மடிந்த தொப்பிக்காரர்கள் எல்லோருக்கும் தண்டில் ஆழமான வரி இருந்தது.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பர் ஒருவரிடம் நுண்ணோக்கி இருந்ததால் இன்னொரு படியும் ஏற முடிந்தது. தொப்பியின் மேல்தோலில் ஊசிமுனை அளவு சுரண்டி, ஒரு சொட்டு நீரில் வைத்து, 400 மடங்கில் பார்த்தோம். வித்தின் நீளம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஹெல்வெல்லாவின் வித்துக்குள் பெரிய எண்ணெய்த்துளி ஒன்று நடுவில் இருக்கும். எஸ்குலெண்டாவிலும் இன்ஃபூலாவிலும் சிறிய துளிகள் இரண்டு, முனைக்கு ஒன்றாக. மோரல் வித்துக்குள் துளி இராது. தொப்பியும் நிறமும் தண்டும் குழப்பிய இடத்தில் இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒற்றைத் துளி. ஹெல்வெல்லா.

கைபேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்கும் செயலிகளை இதோடு ஒப்பிட்டால், அவை தொடக்கத்துக்கு உதவும். எந்தப் பேரினங்களைத் தேடிப் படிக்கலாம் என்று சொல்லும். சாப்பிடும் முடிவுக்கு உதவாது. படத்துக்குத் தெரிவது தொப்பிதான், தண்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மஞ்சள் போட்டு நிறம் மாறுகிறதா பார்ப்பது, வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பார்ப்பது, புழு அரித்திருந்தால் நல்லது என்பது, இவை எதற்கும் கைரோமிட்ரினோடு சம்பந்தமில்லை. பெரியவர்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், இந்தச் சோதனைகளை விட்டுவிடுங்கள்.

ஹெல்வெல்லா என்று தெரிந்த பிறகும் ஏன் சமைக்கவில்லை என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். பச்சையாகத் தின்றால் வயிறு கலங்கும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். வெந்ததும் பாதுகாப்பானதா என்பதில் நூலுக்கு நூல் கருத்து மாறுகிறது. நாங்கள் நுண்ணோக்கியில் பார்த்தது சிலவற்றைத்தான், ஒவ்வொன்றையும் இல்லை. கிடைக்கப்போவது ஒரு கரண்டி காளான், அதுவும் மோரலின் மணம் இல்லாதது. சித்தி வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தனையையும் ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கத்தில் வைக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மோரலை மட்டும் கால்மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, வெங்காயம் மிளகு போட்டு வறுத்தோம். முதல் நாள் ஆளுக்குக் கொஞ்சம்தான்.

ஜவ்வாதில் பார்த்தால்

பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் அடுத்துக் கேட்பது, இது நம் மலையில் கிடைக்குமா என்பதுதான். சேணக் காளான்களில் பெரும்பாலானவை ஓக், பைன் போன்ற மரங்களோடு சேர்ந்து வாழும் குளிர்நாட்டுக்காரர்கள். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையோ, ஏலகிரியோ, அமிர்திக் காடோ சந்தனமும் வறண்ட இலையுதிர் மரங்களும் நிற்கும் இடம். அங்கே மழைக்குப் பின் சேணம் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் மற்றவற்றைச் சந்தேகப்படுங்கள். விளிம்பு கிழிந்து மேல்நோக்கி மடிந்த புற்றுக்காளான் தூரத்தில் சேணமாகத் தெரியும். கவிழ்த்தால் செவுள் காட்டிக்கொடுக்கும். மரக்கிளையில் காது மடல் போல வளைந்து, தொட்டால் ரப்பராக இருப்பது காதுக் காளான், அதற்குத் தண்டே இருக்காது. தேனடைத் தலையோடு நின்று, ஈ மொய்த்து, பிண நாற்றம் அடிப்பது நாற்றக் காளான். அதை மோரல் என்று நினைத்து யாராவது ஏமாறலாம், ஆனால் அதன் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு உறை இருக்கும், மோரலுக்கு அது கிடையாது.

எல்லாவற்றையும் கழித்த பிறகும் செவுள் இல்லாத, தண்டில் வரி ஓடுகிற ஒரு சேணம் உங்கள் கையில் நின்றால், தயவுசெய்து அதைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். அது அடுப்பில் தருவதை விட ஆய்வுக்கூடத்தில் அதிகம் தரும். முளைத்த இடத்திலேயே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒன்றைப் பிளந்து உட்புறத்தையும் படம் எடுங்கள். அடித்தண்டு உடையாமல் மண்ணோடு தோண்டி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் போட்டு, ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். உறையின் மேல் தேதி, இடம், அதோடு பக்கத்தில் நின்ற மரங்களின் பெயரையும் எழுதுங்கள். மரத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். எந்த மரத்தின் வேரோடு அது வாழ்கிறது என்று தேடப் போகிறவருக்கு அதுதான் முதல் துப்பு.